அழித்ததற்குச் சாட்சி

ஜனவரி 9

அக்கா,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வயது போதாது. மேடம் என்று எழுதினால் எங்கள் பல் கிளினிக்கில் சீட்டு வாங்க வருகிறவர்களைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. நான் யார் என்று இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். உறையின் பின்பக்கம் இருக்கும் விலாசத்தில் நீங்கள் பதினோரு வருஷம் இருந்தீர்கள். ஆறு வருஷமாக நான் இருக்கிறேன்.

உங்கள் விலாசத்தைத் தந்தது இவருடைய சித்தி. "பழைய கம்ப்யூட்டரையெல்லாம் அழிக்கிற ஆபீஸ்ல பெரிய பொறுப்புல இருக்கா" என்றார். உங்களைப் பற்றிப் பேசும்போது சித்தியின் குரலில் தானாக ஒரு மரியாதை வந்துவிடும். என்னைப் பற்றி யாரிடமாவது அப்படிப் பேசுவாரா என்று நினைத்துக்கொண்டேன். அது வேறு விஷயம்.

நான் கேட்க வந்தது இதுதான். வீட்டில் அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. ரொம்ப மெதுவாகிவிட்டது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கடையில் காட்டினேன். "உள்ள முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "பழசெல்லாம் எப்பவோ டெலீட் பண்ணியாச்சு" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"டெலீட் பண்ணா போயிடும்னு யாரும்மா சொன்னா?"

யார் சொன்னார்? இவர்தான் சொன்னார். கல்யாணமான மூன்றாம் நாள், நான் கேட்காமலே சொன்னார். "அவ படம் அது இதுன்னு எதுவும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரமே." அந்த வார்த்தையை ஒரு நகை மாதிரி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். அடிக்கடி எடுத்துப் பார்க்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

பல் பிடுங்கும்போது சில பேருக்கு வேரின் முனை உடைந்து உள்ளேயே நின்றுவிடும். மேலே ஈறு மூடி அழகாக இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். கடையிலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது அதுதான் நினைவு வந்தது. இவர் வாரத்தில் மூன்று நாள் லிஃப்ட் சோதனைக்கு வெளியூர் போய்விடுகிறார். அந்த மூன்று நாளும் வீட்டில் நான், குழந்தை, அந்தப் பெட்டி. பெட்டிக்குள் நீங்கள்.

கடைக்காரர் சொன்னது உண்மையா? உண்மையானால் நிஜமாகவே அழிப்பது எப்படி? மெயிலில் கேட்டிருக்கலாம். மெயிலும் அழியாது என்று அவரே சொன்னார். அதனால்தான் காகிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஜனவரி 18

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. 'அக்கா' வேண்டாம். நமக்குள் அப்படி ஓர் உறவு இல்லை. இருப்பதாக நடிக்கவும் எனக்கு வராது.

கடைக்காரர் சொன்னது சரி. ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று கீழே வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். நீங்கள் ஒரு படத்தை அழிக்கும்போது கணினி அந்தப் பலகையில் பெயரை மட்டும் சுரண்டுகிறது. வீட்டுக்குள் கட்டில், மேசை, அலமாரி எல்லாம் போட்டது போட்டபடி இருக்கும். இடம் காலி என்று கணினி நினைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அங்கே புதிதாக ஒருவர் குடிவரும்போதுதான் பழைய சாமான் போகும். யாரும் வராவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

நீங்கள் ஆறு வருடமாக அந்தக் கணினியைப் பயன்படுத்துகிறீர்கள். அதில் எவ்வளவு புதிதாக ஏற்றினீர்களோ, அவ்வளவு நான் போயிருப்பேன்.

உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கணினியை இனிமேல் தொடக்கூடாது. அழிய வேண்டுமானால் டிஸ்கைக் கழற்றித் துளையிடும் கருவியால் மூன்று துளை போடச் சொல்லுங்கள். எங்கள் நிறுவனம் வங்கிகள், மருத்துவமனைகளின் டிஸ்குகளை மட்டும் மொத்தமாக எடுக்கும். வீட்டு டிஸ்குகளை எடுப்பதில்லை.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். அந்த வீட்டிலிருந்து என்னை யாரும் அனுப்பவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு பெட்டிகளோடு நானாகக் கிளம்பினேன். அவர் ஒரு பெட்டியை வாசல்வரை தூக்கி வந்தார். விட்டுவந்தவளுக்கு, விட்டுவந்த இடத்தில் தன் படம் இருந்தாலென்ன, போனாலென்ன.

ஜனவரி 30

அக்கா,

வேண்டாம் என்றீர்கள். வேறு எதுவும் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கூடாது என்று நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்கு முந்தின நாளே தொட்டுவிட்டேன். அழிந்த படத்தை மீட்டுத் தரும் புரோகிராம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று படித்தேன். அதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி ஓடவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. பிறகு பேரே இல்லாமல் வெறும் நம்பராக ஒரு நீளப் பட்டியல் வந்தது. முழுப் படமும் வேண்டுமானால் காசு கட்ட வேண்டுமாம். நகம் அளவுக்குச் சின்னதாகச் சிலதை மட்டும் காட்டியது. பாதி சாம்பல் கலர். ஒன்றில் மட்டும் தெளிவாக ஒரு நீலத் திரைச்சீலை, அதன் முன்னால் ஒரு கை.

உங்கள் கைதானே? கப்பைக் கைப்பிடியில் பிடிக்காமல் மேலே விளிம்போரமாக ஐந்து விரலாலும் பிடித்திருந்தது. இவரும் அப்படித்தான் பிடிப்பார். சுடச்சுடக் காப்பியைக்கூட அப்படியே தூக்குவார். இது இவருடைய பழக்கம் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். இப்போது என் மகளும் அப்படித்தான் பிடிக்கிறாள். நாலு வயது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் வந்துவிட்டார்.

"என்ன தேடுற?"

"அழிச்சதத் தேடுறேன்."

"அழிச்சத எதுக்குத் தேடணும்?"

"அழிஞ்சிருக்கான்னு பாக்கத்தான்."

"என் வேலைய உனக்குக் குடுத்திருக்கணும். நல்லா ஓடுற லிஃப்ட்டக்கூட நிறுத்தி நிறுத்திப் பாப்ப."

சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் இவர் ஊருக்குப் போனதும் குழந்தையின் படங்கள், என் படங்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். யூடியூப்பைப் பார்த்து, ஸ்க்ரூ ட்ரைவரால் டிஸ்கைக் கழற்றினேன். துளை போடும் கருவியை யாரிடம் போய்க் கேட்பேன்? எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்? உங்களுக்கே அனுப்புகிறேன். உங்கள் மிஷினால் அழித்துவிடுங்கள். பார்க்காமல் அழியுங்கள். அதில் நானும் இருக்கிறேன்.

பிப்ரவரி 7

வணக்கம்.

டிஸ்க் வந்து சேர்ந்தது. குழந்தையின் கம்பளித் தொப்பிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். எங்கள் பெறுகைப் பதிவேட்டில் 'தொப்பி ஒன்று' என்று தனியாக எழுத வேண்டியதாயிற்று. தொப்பி பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் செய்தது நானறிந்து ஐந்து பேரில் நான்கு பேர் செய்யும் தவறு. மீட்கும் புரோகிராமை அதே டிஸ்கில் இறக்கினீர்கள். காலியென்று கணினி நினைக்கும் இடத்தில்தான் அது போய் உட்கார்ந்திருக்கும். எதைத் தேடினீர்களோ, தேடும் வேலையாலேயே அதில் ஒரு பகுதியை அழித்தீர்கள். தொலைந்த சாவியைத் தேட வீட்டுக்குள் ஒரு லாரி மண்ணைக் கொட்டியது மாதிரி.

என் அதிகாரத்தைக் கொஞ்சம் வளைத்து இதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் விதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். உள்ளே இருப்பதை நாங்கள் பார்ப்பதில்லை. இயந்திரம் டிஸ்கின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பூஜ்யங்களை எழுதிக்கொண்டே போகும். காலி வீடு, குடியிருக்கும் வீடு என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. பிறகு அங்கங்கே எடுத்துச் சரிபார்க்கும். கடைசியில் ஒரு சான்றிதழ். அதில் அழித்தவர், சாட்சி என்று இரண்டு கையெழுத்து. தனி ஆளாக யாரும் எதையும் அழிக்க முடியாது. ஏன் இந்த விதி என்றால், 'அழித்துவிட்டேன்' என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இது தவிர உரிமையாளரின் ஒப்புதல் படிவமும் வேண்டும். இத்துடன் இருக்கிறது. அந்தக் கணினி வாங்கிய நாளில் நானும் கடைக்குப் போயிருந்தேன். ரசீது அவர் பெயரில்.

கப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வேதியியல் படித்தவள். ஆய்வகத்தில் பீக்கரை அப்படித்தான் தூக்குவோம். பழக்கம் என்னுடையது. அவருக்கு என்னிடமிருந்து போயிருக்கலாம்.

அந்த நீலத் திரைச்சீலை நான் தைத்தது. இன்னும் இருக்கிறதா?

பிப்ரவரி 16

திரையைக் கழற்றிவிட்டேன்.

ஆறு வருஷமாக அதைத் துவைத்து, காயப்போட்டு, ஓரம் பிரிந்தபோது உட்கார்ந்து தைத்தவள் நான். நான் போட்ட தையலுக்குக் கீழே உங்கள் தையல் இருந்திருக்கிறது. இப்போது ஜன்னல் மொட்டையாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

படிவம் வைத்திருக்கிறேன். உரிமையாளர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வீட்டில் ஸ்டவ்விலிருந்து இவர்வரை எல்லாவற்றுக்கும் இப்போது உரிமையாளர் நான்தான். ரசீதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அழிப்பதற்கு இத்தனை காகிதமா? அல்லது இழுத்தடிக்கிறீர்களா? என் டிஸ்க் உங்கள் மேசையில் பத்து நாளாக இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

பார்த்ததுதான் பார்த்தீர்கள், எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். என்றைக்கு அழித்தோம் என்ற தேதியும் உள்ளே இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். இவரிடம் மறுபடி கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்தின வாரம்னு சொன்னேன்ல" என்றார். எத்தனை மணிக்கு என்றேன். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி எத்தன மணிக்குப் பல்லு தேய்ச்சேன்னும் கேளு" என்றார்.

முந்தின வாரம் என்றால் சரி. கல்யாணத்துக்குப் பிறகு என்றால், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றாகும். அந்த மூன்றாம் நாள் வார்த்தை பொய் என்றாகும். எனக்குப் படம் வேண்டாம், எதுவும் வேண்டாம். அந்தத் தேதியை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் நான் இனிமேல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

பிப்ரவரி 27

வணக்கம்.

நீங்கள் கேட்டதற்காகத் தேதியைப் பார்த்தேன். உங்கள் திருமணத்துக்கு முன்புதான். கவலைப்பட வேண்டாம்.

அடுத்த வாரம் அழித்துவிட்டுச் சான்றிதழ் அனுப்புகிறேன்.

மார்ச் 5

அக்கா,

முன்புதான் என்றால் எப்போது? தேதி கேட்டால் தேதியைத்தானே எழுத வேண்டும்?

எங்கள் டாக்டர் ஊசியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல, லேசா எறும்பு கடிச்ச மாதிரி" என்பார். உங்கள் கடிதம் அப்படி இருக்கிறது. இதற்கு முன் ஒரு பக்கம் நிறைய எழுதி என்னைத் திட்டினீர்கள். இந்தத் தடவை நாலு வரி. திட்டுகூட இல்லை.

என்ன பார்த்தீர்கள்?

மார்ச் 14

வணக்கம்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கினேன். மூன்றையும் அலுவலகத்தில் காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டேன்.

ஒரு ஃபோல்டரைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும்போது கணினி ஒரு சின்னச் சீட்டு எழுதி வைக்கும். என்ன பெயர், எவ்வளவு பெரிது, எந்த நாள், எத்தனை மணி. பிறகு தொட்டியைக் காலி செய்தால் அந்தச் சீட்டும் போய்விடும். போய்விடும் என்றால், உங்களுக்கு இப்போது தெரியும். அந்தச் சீட்டு எனக்குக் கிடைத்தது.

ஃபோல்டரின் பெயர் 'பழைய படங்கள்'. அறுநூற்றுப் பன்னிரண்டு படம். செப்டம்பர் 14, சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். உங்கள் திருமணத்துக்கு முந்தின வாரம் இல்லை. அதற்கும் இரண்டரை வருடம் முன்பு.

அந்தத் தேதி எனக்கு நன்றாகத் தெரியும். அன்று என் அப்பாவுக்குக் கண் அறுவை. நான் ஊருக்குப் போயிருந்தேன். நாலரை மணி இருக்கும், மருத்துவமனை வராந்தாவிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். "செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டேன். "ஊத்திட்டேன். மாமாவுக்கு எப்படி இருக்கு? நீ அவசரப்படாம நிதானமா வா" என்றார். நாலரைக்கு.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அந்த வீட்டில் இருந்தேன். மழை வருவதற்கு முன் துணி எடுத்தேன். அவர் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். அந்த நீலத் திரையைத் தைத்துக் கட்டியதுகூட அதற்கப்புறம்தான். அதற்கு அப்புறம் எடுத்த படங்கள் வேறு ஃபோல்டரில் இருந்திருக்கின்றன, நான் கிளம்பிய வாரத்தில் அவையும் போயிருக்கின்றன. நீங்கள் பார்த்தது அதில் ஒன்று. நானாகக் கிளம்பினேன் என்று உங்களுக்கு எழுதினேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். என் பெயரைப் பலகையிலிருந்து சுரண்டியது தெரியாமல், வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரி மாதிரி நிமிர்ந்து உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கிறேன். பெட்டியை ஏன் வாசல்வரை தூக்கி வந்தார் என்று இப்போது புரிகிறது.

உங்களுக்கு இது நல்ல செய்தி. அவர் உங்களிடம் சொன்ன தேதி பொய்தான், ஆனால் நீங்கள் பயந்த பக்கத்துப் பொய் இல்லை. ஏன் மாற்றிச் சொன்னார் என்றும் யோசித்தேன். உங்களுக்காக அழித்ததாகச் சொல்வது, கேட்க இதமாக இருக்கும்.

உங்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இருக்கிறது. அந்த டிஸ்கில் உங்கள் படங்கள் நாலாயிரத்துச் சொச்சம். நீங்கள் கண்ணை மூடிய படம், அசங்கி மங்கிப்போன படம், அவர் விரல் பாதியை மறைத்த படம், எல்லாம் இருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. என்னுடையது அறுநூறும் ஒரே அழுத்தில் போனது. ஒரு விநாடி வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் பெயர் இல்லாத படங்களை மீட்கும்போது இயந்திரம் ஒரு படத்தின் தலையைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்தாற்போல் இருப்பதையெல்லாம் அதன் உடம்பு என்று நினைத்துச் சேர்த்துவிடும். நடுவில் வேறொருவர் குடிவந்திருந்தால் அதற்குத் தெரியாது. அப்படி ஒரு படம் வந்தது. மேல் பாதியில் நான், மாடி வெயிலில், எதற்கோ சிரித்துக்கொண்டு. நடுவில் விரல் அகலத்துக்குச் சாம்பல் பட்டை. கீழ்ப் பாதியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், பச்சைப் பூப்போட்ட உடையில். உங்கள் மடியில் உங்கள் மகள், ஒரு வயதுபோல், கையில் கேக் அப்பிய ஸ்பூனோடு. இரண்டும் ஒரே கேமராவில் எடுத்தவை. அதனால்தான் இவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்கின்றன.

அதை எத்தனை முறை திறந்தேன் என்று எழுதமாட்டேன். இருபது வருட வேலையில் ஒரு டிஸ்கைக்கூட நான் திறந்ததில்லை.

இதை அழிக்க வேண்டும். தனியாக அழித்து 'அழித்துவிட்டேன்' என்று நான் எழுதினால், அதே வார்த்தை உங்களுக்கு இரண்டாம் முறை கிடைத்ததாக இருக்கும். சாட்சி இடம் காலியாக இருக்கிறது. வந்து நில்லுங்கள்.

மார்ச் 19

அது என் மடி.

அந்தப் பச்சை உடையை நான் அதற்கப்புறம் போடவில்லை, கேக் கறை போகவில்லை. அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன், குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் வேறு. ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன், இவர் எடுத்தார். அந்த நிமிஷத்தின் மேல் உங்கள் தலை.

வருகிற சனிக்கிழமை பத்து நாற்பது பஸ்ஸில் வந்து இறங்குவேன். குழந்தையை விட்டுவர ஆளில்லை, அவளும் வருவாள். இவரிடம் புது எக்ஸ்ரே மிஷினுக்குப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். ஒரேயடியாகப் பொய்யும் இல்லை.

அதுவரை அந்தப் படத்தைத் திறக்காதீர்கள். திறந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. தெரியப்போவதில்லை என்பதால்தான் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 30

வணக்கம்.

சான்றிதழின் உங்கள் பிரதி இத்துடன் இருக்கிறது. சரிபார்ப்பில் எல்லா இடத்திலும் பூஜ்யம். தொப்பியையும் வைத்திருக்கிறேன். அன்று அதை எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன், நீங்களும் கேட்கவில்லை.

நீங்கள் என்னைவிட இளையவராக இருப்பீர்கள் என்று தெரியும். இவ்வளவு களைத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கேட்கமாட்டேன். வாசலில் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "படத்துல இருக்கிறதவிட ஒல்லியா இருக்கீங்க" என்றீர்கள். நீங்கள் பார்த்த படத்தில் ஒரு கை மட்டும்தான் இருந்தது. மற்ற படத்தை அப்போது இன்னும் காட்டவில்லை. மனதுக்குள் என்னை எத்தனை குண்டாக வைத்திருந்தீர்கள் என்று தெரிந்தது.

திரையில் அந்தப் படம் வந்தபோது உங்கள் மகள் முதலில் உங்கள் உடையைத்தான் கண்டுபிடித்தாள். "அம்மா! என் ஸ்பூன்!" பிறகு மேலே விரலை வைத்து, "இது யாரு?" என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களுக்கு உதவவில்லை. "யாரோ" என்றீர்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சரியான பதில்தான். அந்த ஒரு பதிலை நானே சொல்லியிருந்தால் இத்தனை வலித்திருக்காது.

இயந்திரம் ஓடிய நாலு மணி நேரமும் நாம் பேசியது குறைவு. கேன்டீனில் அவளுக்குப் பால் வாங்கித் தந்தேன். கப்பை மேலிருந்து ஐந்து விரலாலும் பிடித்தாள். நீங்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பிடியில் வைத்தீர்கள். பில் கொடுக்க நீங்கள் எழுந்து போனதும் மறுபடியும் பழையபடி பிடித்துக்கொண்டாள்.

டிஸ்க் இனி வெறும் டிஸ்க். சான்றிதழை மட்டும் எங்கள் விதிப்படி ஏழு வருடம் கோப்பில் வைத்திருக்க வேண்டும். மேலே அழித்தவர், நான். கீழே சாட்சி, நீங்கள். நடுவில் ஒரு கோடு.

உங்கள் கடிதங்களைக் கிழித்துவிடச் சொல்லியிருந்தீர்கள். கிழித்துவிட்டேன். இதற்குச் சாட்சி கிடையாது.

ஏப்ரல் 8

அக்கா,

தொப்பி வந்தது. அவளுக்கு இப்போதே சின்னதாகிவிட்டது.

சான்றிதழைக் கிளினிக்கில் என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். வீட்டில் ஜன்னலுக்கு மஞ்சளில் புதுத் திரை வாங்கிக் கட்டினேன். இவர் பார்த்துவிட்டு "நல்லாருக்கே" என்றார். நீலம் எங்கே என்று கேட்கவில்லை.

போன வாரம்தான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"இதுக்குள்ள இருந்த டிஸ்க் எங்க?"

"அழிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"சரி."

காப்பியை எடுத்துக் குடித்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கோடுகூட அசையவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும் இல்லையா? நீங்கள் அறுநூறு, நான் நாலாயிரம். அன்றைக்கு உங்களிடமிருந்து திரும்பி வரும் வழியில் பஸ்ஸில்கூட அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், சந்தோஷமாக. அப்புறம்தான் ஒன்று தோன்றியது. உங்கள் அறுநூறும் அந்தச் சனிக்கிழமை நாலு மணிவரை அழியாமல்தானே இருந்தது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். குழந்தை படம், என் படம் எல்லாம் அதில் ஏற்றினார். நேற்று இவர் இல்லாதபோது திறந்து ஃபோல்டர் பேரெல்லாம் பார்த்தேன். 'பழைய' என்று எதுவும் இல்லை. இன்றைக்கு இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மணி நாலு. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டுப் போய் இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஏதாவது வேணுமா?"

"நீங்க பாருங்க. நான் சும்மா நிக்குறேன்."

லிஃப்ட் ஒன்றின் கயிறு தேய்ந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு இருபதுவரை நின்றேன். இனி எல்லாச் சனிக்கிழமையும் இப்படி நிற்க முடியாது. அடுத்த மாதம் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், ஒரு வாரம் நான் ஊருக்குப் போக வேண்டும். அங்கிருந்து போன் செய்வேன். சாப்பிட்டீங்களா, துணி எடுத்தீங்களா என்று கேட்பேன். பதில் சொல்வார்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. அன்றைக்கு நாலரை மணிக்கு, செடிக்குத் தண்ணி ஊத்திட்டேன் என்று சொன்னாரே, அப்போது இவர் குரல் எப்படி இருந்தது? கொஞ்சம் நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.